ஒழுங்கு தானாக வரும், விலாசம் வராது

கொருக்குப்பேட்டையில் இருந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "சார், நானோ துகள்களை ஒரு பரப்பில் வரிசையாக அடுக்க செல்ஃப் அசெம்ப்ளி என்று ஒரு வழி இருக்கிறது, துகள்கள் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று செமினாரில் சொன்னார்கள். தானாக என்றால் எப்படி? எங்கே உட்கார வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? அவ்வளவு சுலபம் என்றால் சிப் கம்பெனிகள் ஏன் ஆயிரம் கோடிக்கு மேல் கொடுத்து ஒரு மெஷின் வாங்குகின்றன?"

சரி தம்பி, மூன்றில் நடுக் கேள்விதான் தாய்க்கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும். செமினாரில் "தானாக" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள், அதற்குள் இரண்டு காரியம் இருக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று வரிசை கட்டுவது ஒன்று. அந்த வரிசை நமக்கு வேண்டிய இடத்தில் வந்து நிற்பது இன்னொன்று. முதலாவது கிட்டத்தட்ட இலவசம். உழைப்பு, காசு, பிஎச்.டி. எல்லாம் இரண்டாவதுக்குத்தான் போகிறது.

நம்ம பக்கத்து ஆளுக்கு இதை விளக்க கேரம் போர்டு போதும். ஆட்டம் தொடங்குமுன் காய் அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ரெட், அதைச் சுற்றி 6 காய், அதற்கு வெளியே 12. மொத்தம் 19. கறுப்பு எங்கே வெள்ளை எங்கே என்பதற்கு விதி உண்டு. ஆனால் அந்த அறுகோண வடிவத்துக்கு யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. இரண்டு கையாலும் வளைத்து ஒரு நெருக்கு நெருக்கினால் அதுவே வந்து நிற்கும். ஒரே அளவு வட்டங்களில் ஒன்றைச் சுற்றி ஆறுதான் சந்து விடாமல் உட்காரும், காரணம் அவ்வளவுதான். காய்க்கு அறிவு தேவையில்லை, எல்லாம் ஒரே அளவில் இருந்தால் சரி. ஆனால் அந்த அடுக்கு போர்டின் நடு வட்டத்தில் இருக்கிறதே, அது வட்டம் வரைந்தவன் செய்த வேலை. நான்கு விரற்கடை தள்ளி நெருக்கினாலும் அதே அறுகோணம் வரும், ஆட்டம்தான் ஆட முடியாது.

இப்போது அளவைச் சின்னதாக்குங்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். நான் வேலை செய்த தங்கத் துகள்கள் 20 நானோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் அவற்றை நெருக்கி அடுக்கினால் சுமார் 29,000 கோடி துகள் பிடிக்கும். நொடிக்கு ஒன்றாக எடுத்து வைத்தால் 9,000 வருடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் துகள்களையே அடுக்கிக்கொள்ள விடுகிறோம். நெருக்குவதற்கு நம் கைக்குப் பதிலாக அங்கே இருப்பவை வெப்பத்தின் உதறலும், மின்னேற்றமும், நீரின் பரப்பு இழுவிசையும்.

அந்த உதறல் முக்கியம். நீரில் இருக்கும் நானோ துகளை நீர் மூலக்கூறுகள் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். போர்டுக்கு அடியில் ஒருவர் விடாமல் தட்டிக்கொண்டிருப்பது போல. தப்பான இடத்தில் உட்கார்ந்த துகள் அந்தத் தட்டலில் எழுந்து சரியான பள்ளத்துக்குப் போகும். ஒட்டும் விசை லேசாக இருக்கும்வரைதான் இது நடக்கும். தொட்டதும் பசை போட்டதுபோல ஒட்டிவிட்டால் அவ்வளவுதான், தப்பு தப்பாகவே உறைந்துவிடும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தங்க உப்பைக் கொதிக்கவைத்து அதில் சிட்ரேட் ஊற்றித் துகள் செய்வது 1951இல் டர்கெவிச் குழு விரிவாக ஆராய்ந்து எழுதிய முறை. கரைசல் முதலில் நிறமிழந்து, கறுத்து, பிறகு நன்னாரி சர்பத் மாதிரி சிவந்து தெளியும். அந்தச் சிவப்பு, துகள்கள் தனித்தனியாக மிதக்கின்றன என்பதற்கு அடையாளம். சிட்ரேட் எல்லாத் துகளுக்கும் ஒரே மாதிரி நெகட்டிவ் மின்னேற்றம் போர்த்திவிடுவதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு சனிக்கிழமை லேபில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டது. கொஞ்சம்தானே என்று குடுவையை போர் தண்ணீரில் அலசி, அதே தண்ணீரை விட்டுக் கரைசலை நீர்க்கவும் செய்தேன். நம்ம பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சோப்பு நுரைக்காது, டம்ளரில் வெள்ளையாகப் படியும். சிவப்பு என் கண்முன்னால் ஊதாவானது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சாம்பல் கலந்த நீலம். திங்கட்கிழமை அடியில் கறுப்பு மண்டி. தண்ணீரில் இருந்த உப்பு அயனிகள் துகள்களின் மின்னேற்றத்தை மூடிவிட்டன. தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் போனதும், கிட்ட வந்தவையெல்லாம் கண்டபடி ஒட்டிக்கொண்டன. மூன்று நாள் வேலை, ஒரு கை தண்ணீரில் போனது.

ஆக, வரிசை கட்டுவதற்கு ஈர்ப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விலக்கமும் வேண்டும். ரேஷன் கடை வாசலில் ஆளுக்கு ஒரு அடி விட்டு நின்றால்தான் க்யூ. எல்லாரும் கவுண்டர்மேல் விழுந்தால் அது கும்பல்.

அடுத்தது காய்வது. நானோ துகள் வேலையில் பாதிக்கு மேல் காயவைக்கும் வேலைதான், இதை யாரும் செமினாரில் சொல்ல மாட்டார்கள். டீக்கடை மேசையில் சிந்திய டீ காய்ந்ததும் ஓரத்தில் மட்டும் கறுப்பு வளையம் நிற்கும், நடுவில் வெளிறிப்போயிருக்கும். ஏன் என்று 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்து டீகன் குழு தெளிவாக்கியது. சொட்டின் ஓரம் மேசையோடு பிடித்துக்கொள்கிறது, நகர முடியாது. அதே ஓரத்தில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. போன நீரை ஈடுகட்ட நடுவில் இருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, ஓடும்போது துகள்களையும் அள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் கொட்டுகிறது. டீ என்ன, தங்கம் என்ன, குவான்டம் டாட் என்கிற குறைக்கடத்தித் துகள் என்ன, எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மை சொட்டுச் சொட்டாக அச்சடித்து டிஸ்ப்ளே செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு அழகான மாற்று கண்டார்கள். உருண்டைத் துகளை இழுத்து நீள்வட்டமாக்கினால் வளையம் வருவதில்லை. நீள் துகள்கள் சொட்டின் மேற்பரப்புக்கு வந்து, அந்தப் பரப்பை நெளித்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. ஓரத்துக்கு ஓடும் வெள்ளம் அவற்றை அடித்துப்போக முடிவதில்லை. ரசாயனம் எதையும் மாற்றவில்லை, வடிவத்தை மட்டும்தான் மாற்றினார்கள்.

காசிமேட்டில் கருவாடு காயப்போடும் அம்மாக்களுக்கு இந்த வேகக் கணக்கு நன்றாகத் தெரியும். வெயில் சுள்ளென்று அடித்தால் மீனின் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். படலமும் அப்படித்தான். வேகமாகக் காய்ந்தால் துகளுக்கு இடம் தேட நேரம் இல்லை. மே மாதத்தில் காலை பத்து மணிக்கு எனக்கு வந்த படலம் மதியம் கடல்காற்று ஏறிய பிறகு வராது. காற்றில் ஈரப்பதம் மாறிவிடும். அதற்கப்புறம் சொட்டை மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் காயவிட்டேன்.

காய்ந்துகொண்டே வரும்போது நீர்ப்படலத்தின் தடிமன் துகளின் உயரத்துக்குக் கீழே இறங்கும் ஒரு கணம் இருக்கிறது. துகளின் தலை வெளியே தெரிகிறது, சுற்றிலும் நீர் வளைந்து நிற்கிறது. பக்கத்துத் துகளைச் சுற்றியும் அப்படியே. அந்த இரண்டு வளைவும் சேரத் துடிக்கும்போது துகள்கள் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. 1992இல் டென்கோவ், நாகயாமா குழு மைக்ராஸ்கோப் அடியில் லேடெக்ஸ் உருண்டைகளை வைத்து இதைப் பார்த்தது: நீரின் மட்டம் உருண்டையின் உயரத்துக்கு வந்ததும் அடுக்கு முளைக்கத் தொடங்குகிறது. இதன் பங்காளியை வீட்டிலேயே பார்க்கலாம். ஆயுத பூஜைப் பொரியில் நாலைந்தை அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் தனித்தனியே விடுங்கள், கொஞ்ச நேரத்தில் ஒன்றுகூடிவிடும். என்ன, பொரி தன் எடையும் மிதப்பும் காரணமாக நீரை வளைக்கிறது. நானோ துகளுக்கு அந்த எடை கிடையாது, அதனால் மிதக்கும்போது இந்த இழுப்பு இருக்காது. படலம் மெலிந்து தலை வெளியே வந்தால்தான் வேலை நடக்கும்.

கையால் நெருக்குவதுபோலவே செய்கிற முறையும் உண்டு. நீரின்மேல் ஒரே அடுக்காக மூலக்கூறுகளையோ துகள்களையோ மிதக்கவிட்டு, ஒரு தடுப்பால் மெதுவாகத் தள்ளி நெருக்கி, பிறகு கண்ணாடியை முக்கி எடுத்துப் படலத்தை அதில் ஏற்றிக்கொள்வது. லாங்மியூர், பிளாட்ஜெட் இருவர் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் தடுப்பு வைத்து நெருக்கும் யோசனையின் மூலம் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மன் பெண். கல்லூரிக்குப் போகாதவர், வீட்டில் பாத்திரம் கழுவும் நேரத்தில் கவனித்தவற்றை இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார், அது 1891இல் நேச்சர் இதழில் வந்தது. இப்படி ஒற்றை மூலக்கூறு அடுக்காக விரிய, மூலக்கூறின் ஒரு முனைக்கு நீர் பிடிக்க வேண்டும். எண்ணெய் என்றாலே விரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய கனமான எண்ணெய் எர்ணாவூர் கரையில் கூழாக ஒட்டிக்கொண்டு, வாளி வாளியாக அள்ள வேண்டியிருந்தது ஞாபகம் இருக்கும்.

சரி, அடுக்கு வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? மறுபடி கேரம் போர்டுக்கு வாருங்கள். 19 காயையும் நெருக்கி வைத்து, மேலே போரிக் பவுடரைச் சன்னமாகத் தூவுங்கள். பிறகு காய்களை ஒவ்வொன்றாக, நேர்மேலே தூக்கி எடுங்கள். மூன்று மூன்று காய்க்கு நடுவில் இருந்த சந்துகளில் பவுடர் விழுந்து, பக்கங்கள் உள்வளைந்த குட்டிக் குட்டி முக்கோணங்களாக நிற்கும். நானோஸ்பியர் லித்தோகிராஃபி, அதாவது குட்டி உருண்டைகளை வைத்துப் பரப்பில் வடிவம் பதிப்பது, எழுத்துக்கு எழுத்து இதுதான். காய்க்குப் பதில் பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் உருண்டை, பவுடருக்குப் பதில் வெள்ளி ஆவி. 1982இல் டெக்மன், டன்ஸ்முயர் தொடங்கியதை 1995இல் ஹல்டீனும் வான் டைனும் விரிவாக்கினார்கள். முக்கோணத்தின் அளவு உருண்டையின் விட்டத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 400 நானோமீட்டர் உருண்டை போட்டால் சுமார் 90 நானோமீட்டர் முக்கோணம் கிடைக்கும். இந்த வெள்ளி முக்கோணங்கள் தங்கள்மேல் ஏதாவது மூலக்கூறு ஒட்டினால் நிறம் மாறும், அதனால் சென்சாருக்கு ஏற்றவை. எனக்குப் பிடித்த முறை இதுதான், ஒளியால் கோடு வரையும் மெஷின் இல்லாத கல்லூரியிலும் செய்துவிடலாம்.

இதுவரை சொன்னது முழுக்க ஒழுங்கு. விலாசம் எங்கே? துகள் சென்னை-13இல் இறங்க வேண்டும், சென்னை-81இல் இறங்கக் கூடாது என்றால் தரையில் எழுதிவைக்க வேண்டும்.

எழுதுவதில் மிக எளியது ரப்பர் ஸ்டாம்ப். பாரிமுனையில் செய்து தருகிற அதே ஸ்டாம்ப்தான், ரப்பர் மட்டும் சிலிக்கோன், எழுத்து மைக்ரான் அளவு, மை ஒரு தயோல். தயோல் என்றால் ஒரு முனையில் கந்தகம் உள்ள மூலக்கூறு. கந்தகத்துக்கும் தங்கம், வெள்ளிக்கும் விட்டுப்பிரியாத உறவு. கால் கொலுசு கறுப்பதும் கந்தகத்தால்தான். தங்கப் பரப்பில் தயோலை விட்டால் கந்தகமுனை கீழே ஒட்டி, வால் மேலே நீட்டி, சுமார் அரை நானோமீட்டர் இடைவெளியில், எல்லாம் ஒரே பக்கம் 30 டிகிரி சாய்ந்து நிற்கும். தங்கத்தில் இப்படிக் கந்தக மூலக்கூறுகள் அடுக்குக் கட்டுவதை 1983இல் நஸ்ஸோவும் அலாராவும் காட்டினார்கள். 1993இல் ஹார்வர்டில் அமித் குமாரும் வைட்சைட்ஸும் அதை ஸ்டாம்பால் குத்தினார்கள். குத்திய இடம் நீரை விலக்கும், குத்தாத இடத்தில் நீர் நிற்கும். பிறகு துகள் கரைசலில் முக்கி எடுத்தால் நீர் நின்ற இடத்தில் மட்டும் துகள். ஒரு எச்சரிக்கை: கேஸ் சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் வாசனையும் தயோல் குடும்பம்தான். மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் மாடி முழுக்க ஆட்கள் கேஸ் லீக் என்று ஓடி வருவார்கள்.

இரண்டாவது வழி பல்லாங்குழி. பரப்பில் துகள் அளவுக்குக் குழிகள் பறித்து, கரைசலின் விளிம்பை அதன்மேல் மெதுவாக இழுத்துச் செல்வது. விளிம்பில் துகள்கள் கூட்டமாகத் திரளும், நீர்ப்பரப்பு அவற்றைக் கீழ்நோக்கி அமுக்கும், குழிக்கு ஒன்றாக விழும், மிச்சத்தை விளிம்பே வாரிக்கொண்டு போய்விடும். ஐபிஎம் நிறுவனத்தின் சூரிச் ஆய்வகத்தில் 2007இல் இப்படியே ஒரு சூரியன் படம் அச்சடித்தார்கள். 60 நானோமீட்டர் தங்கத் துகள்கள், சுமார் 20,000, ஒவ்வொன்றும் தன் குழியில். பழைய ரசவாதிகளுக்குச் சூரியன்தான் தங்கத்தின் குறி, அதனால் அந்தப் படம்.

குழி பறிக்கவும் மெஷின் வேண்டுமே என்பீர்கள். நியாயம்தான். அதற்குத்தான் பிளாக் கோபாலிமர். தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனையும், அக்ரிலிக் ஷீட்டின் பிளாஸ்டிக்கையும் ஒரு முனையில் கோத்த சங்கிலி. இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள், ஆனால் பொதுச்சுவர் ஒன்று. விலகிப் போகவும் வழியில்லை, கலக்கவும் மனசில்லை. அதனால் சங்கிலியின் நீளத்துக்கு ஏற்ற அளவில், சில பத்து நானோமீட்டரில், பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். சும்மா விட்டால் பட்டைகள் கட்டைவிரல் ரேகை மாதிரி வளைந்து நெளியும். தரையில் முன்கூட்டியே வழிகாட்டிக் கோடுகள் போட்டுவிட்டால் நேராக ஓடும். 2003இல் பால் நீலி என்ற ஆராய்ச்சியாளரின் குழு இதைக் காட்டியது. 2008இல் இன்னும் ஒரு படி: தரையில் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள், நடுவில் விட்ட இடங்களைப் பாலிமரே நிரப்பி, புள்ளிகளின் நெருக்கத்தை நான்கு மடங்காக்கியது. பிறகு ஒரு பங்காளியைக் கரைத்து வெளியேற்றினால் குழி தயார்.

இன்னும் நுணுக்கம் வேண்டுமா, டிஎன்ஏ இருக்கிறது. 2006இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிலையத்தில் பால் ரோத்தமண்ட் ஒரு வைரஸின் 7,000 சொச்சம் எழுத்து நீளமுள்ள ஒற்றை இழையை எடுத்து, இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் அங்கங்கே பிடித்து மடித்து, 100 நானோமீட்டரில் சிரித்த முகம் செய்தார். நம் வீட்டு வாசல் சிக்குக் கோலம்தான், கை எடுக்காமல் ஓடும் ஒரே இழை. குட்டி இழை ஒவ்வொன்றின் எழுத்து வரிசையும் வேறு, ஆக ஒவ்வொன்றும் ஒரு கதவு எண். தங்கத் துகளின்மேல் பொருத்தமான இழையைக் கட்டிவிட்டால் அந்த எண்ணைத் தேடிப்போய் உட்காரும். ஆனால் பாருங்கள், கதவு எண் சரி, கோலம் முழுக்க எந்த வாசலில் விழும் என்பது மறுபடி கேள்வி. 2009இல் ஐபிஎம்மும் கால்டெக்கும் சேர்ந்து தரையில் முக்கோண ஒட்டுப்பட்டைகளை லித்தோகிராஃபியில் வரைந்து, முக்கோண டிஎன்ஏவை அதில் இறக்கினார்கள். அங்கேயும் வட்டம் வரைந்தது மெஷின்தான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு பதில் பாதி இங்கேயே வந்துவிட்டது. மீதி பாதி, குறைகள். கேரமில் ஒரு காய் கொஞ்சம் தேய்ந்திருந்தாலோ ஒரு தூசு மாட்டினாலோ அடுக்கு அங்கே உடைந்து, அந்தப் பக்கம் வேறு கோணத்தில் தொடரும். நானோ அடுக்கும் அப்படித்தான் துண்டு துண்டாக வரும். பத்து லட்சத்தில் ஒன்று தப்பு என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 1,000 கோடி டிரான்சிஸ்டர் உள்ள சிப்பில் அது 10,000 தப்பு. வெப்பத்தின் உதறல் இருக்கும்வரை கொஞ்சம் தப்பு இருந்தே தீரும். ஒழுங்கை நமக்கு வாங்கிக் கொடுத்த அதே உதறல். அதனால் சிப் கம்பெனிகள் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியில் எழுதும் மெஷினை வாங்குகின்றன, அது கேட்ட இடத்தில் கோடு போடும். என் கணிப்பு, தன்னொழுங்கு, அதாவது செல்ஃப் அசெம்ப்ளி, அந்த மெஷினுக்குத் துணையாக வரும், இடத்தைப் பிடிக்காது. சென்சார், வடிகட்டி, கண் கூசாத கண்ணாடி இவற்றில் நூற்றுக்கு நாலு துகள் தள்ளி உட்கார்ந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நீங்கள் புராஜெக்ட் தேடுகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. வீட்டு டிகாஷனைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, ஒரு கண்ணாடித் துண்டில் மூன்று சொட்டு. ஒன்றைத் திறந்து விடுங்கள், ஒன்றை டம்ளர் கவிழ்த்து மூடுங்கள், ஒன்றில் ஊசிமுனை அளவு பாத்திர சோப்பு தொட்டு வையுங்கள். காய்ந்ததும் பின்னால் டார்ச் அடித்து போனில் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வைத்தபோது மணி என்ன, கடல்காற்று ஏறியிருந்ததா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.